லேபர் வார்டை மனப்பாடம் செய்ய முடியாது: மகப்பேறு செவிலியத் தேர்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்கு மகப்பேறு செவிலியப் பாடத்தில் வினாத்தாள் தயாரிப்பவர்கள், விடைத்தாள் திருத்துபவர்கள், செய்முறைத் தேர்வுக்கு எக்ஸ்டர்னலாக வருபவர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

பல வருடம் லேபர் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து, பிறகு கற்பிக்கும் பக்கம் வந்தவள் நான். உங்களில் சிலரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து வைவாவும் (வாய்மொழித் தேர்வு) கேட்டிருக்கிறேன். கேட்பது ஒன்றே ஒன்றுதான். கர்ப்பத்திலும் பிரசவத்திலும் பச்சிளங்குழந்தையிடமும் வரும் சிக்கல்களைத் தேர்வில் கேட்கும் விதத்தை மாற்றுங்கள். பாடத்திட்டத்தைத் தொட வேண்டாம்; அதில் வேண்டியதெல்லாம் இருக்கிறது. ஆனால் எது தேர்வில் வருகிறதோ அதைத்தான் கல்லூரி சொல்லிக்கொடுக்கும், அதைத்தான் பிள்ளைகள் படிப்பார்கள். இதை மாற்றும் அதிகாரம் அமைச்சரிடமோ டெல்லியிலோ இல்லை. உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

"பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கை வரையறு. காரணங்களைக் கூறு. செவிலியப் பராமரிப்பை விவரி." இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வராத வருடம் அபூர்வம். பிள்ளைகள் பிரமாதமாக எழுதுகிறார்கள். 500 மி.லி.க்கு மேல், சிசேரியன் என்றால் 1000; கர்ப்பப்பை சுருங்காமை, நஞ்சுக்கொடி தங்கிப்போவது, கிழிசல், ரத்தம் உறையாமை என நான்கு காரணம்; கடைசியில் 'தாய்க்கு மன ஆறுதல் அளித்தல்' வரை ஒன்றும் விடுவதில்லை. மதிப்பெண்ணும் தாராளமாகப் போடுகிறோம். அதே பெண் மறுவருடம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நைட் டியூட்டி பார்க்கிறாள். பிரசவம் முடிந்து கால் மணி நேரம். விரிப்பு நனைந்திருக்கிறது, பக்கெட்டில் கொஞ்சம், பேடில் கொஞ்சம், தரையில் கொஞ்சம். மொத்தம் 300-ஆ, 500-ஆ, 900-ஆ? அந்தக் கேள்வியை நாம் அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கண்ணால் பார்த்துச் சொல்லும் கணக்கு எவ்வளவு தூரம் தப்பும் என்பது புதிய சேதியில்லை. பக்கத்துக் கர்நாடகத்தில், பெல்காம் மாவட்டத்தில் நடந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. பிரசவித்த பெண்ணின் இடுப்புக்குக் கீழே, அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பையை விரித்து ரத்தத்தைப் பிடித்து அளந்தார்கள். கண்ணால் மதிப்பிட்ட அளவு, பையில் அளந்த அளவைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. 600 மி.லி. போன இடத்தில் 400 என்று கேஸ் ஷீட்டில் ஏறினால் என்ன ஆகும்? நம் வரையறைப்படி அது உதிரப்போக்கே இல்லை. யாரும் ஓடி வர மாட்டார்கள்.

அதற்குப் பதினேழு வருடம் கழித்து, 2023-இல் 'இ-மோட்டிவ்' ஆய்வின் முடிவு வந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள். செய்தது பெரிய மாயமில்லை. அதே மாதிரி அளவுப் பை. ரத்தம் கோட்டைத் தொட்டதும் கர்ப்பப்பையைத் தேய்ப்பது, கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின் வகை மருந்து, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட், டிரிப், எங்கிருந்து ரத்தம் வருகிறது என்று பரிசோதிப்பது, மேலே ஆளைக் கூப்பிடுவது எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகச் செய்வது. கடும் உதிரப்போக்கும் அதனால் வரும் அறுவை சிகிச்சையும் மரணமும் சேர்ந்த விகிதம் 60 சதவீதம் குறைந்தது. என்னை உறுத்துவது அதே ஆய்வின் இன்னொரு எண். பை விரித்து அளந்த இடங்களில் உதிரப்போக்கு 93 சதவீதம் கண்டுபிடிக்கப்பட்டது. வழக்கப்படி பார்த்த இடங்களில் 51. கிட்டத்தட்ட இரண்டில் ஒருத்திக்கு ரத்தம் போய்க்கொண்டிருப்பதே பக்கத்தில் நின்றவர்களுக்குப் பிடிபடவில்லை.

2025-இல் உலக சுகாதார அமைப்பின் புதிய வழிகாட்டுதலும் வந்துவிட்டது. 300 மி.லி. போயிருக்கும்போதே நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ மாறியிருந்தால் சிகிச்சையைத் தொடங்க வேண்டும், 500 வரை காத்திருக்கக் கூடாது. நம் விடைக் குறிப்பில் இன்னும் 500-க்கு ஒரு மதிப்பெண், காரணத்துக்கு நாலு மதிப்பெண் என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

எழுத்து விடையில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. வரிசையாக எழுதிப் பழகியவர்கள் வரிசையாகவே செய்வார்கள். முதலில் மசாஜ், பலன் இல்லையென்றால் மருந்து, அதிலும் நிற்காவிட்டால் அடுத்த மருந்து, பிறகு டாக்டருக்குப் போன். ஒவ்வொரு படிக்கும் ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால்கூட அதற்குள் ஆள் வெளுத்துவிடுவாள். டிரானெக்சாமிக் ஆசிட் 1 கிராம், பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன் என்று 2017-இல் வந்த பெரிய ஆய்வு சொன்னது. அந்த மூன்று மணிக்குள்ளும் எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. இதை நான் வைவாவில் கேட்டால் பிள்ளைகள் 'டோஸ்' சொல்கிறார்கள். நேரத்தைச் சொல்வதில்லை. யாரும் கேட்டதில்லையே.

பிரசவித்த பெண்ணின் உடம்பு நம்மை ஏமாற்றும். கர்ப்பத்தில் ஏறியிருக்கும் கூடுதல் ரத்தத்தை வைத்துக்கொண்டு பிபியை ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கும். விழும்போது ஒரேயடியாக விழும். அதற்கு முன்னால் சொல்லிவிடுவது நாடித்துடிப்புதான். நாடி எண்ணிக்கை மேல் பிபியைத் தாண்டிவிட்டால் அது ஆபத்து. நாடி 120, பிபி 100/70 என்று எழுதிவிட்டு 'வைட்டல்ஸ் ஸ்டேபிள்' என்று கீழே கையெழுத்துப் போட்ட சார்ட்டைப் பார்த்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். இதில் ரத்தசோகையையும் சேர்த்துப் பாருங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 7 இருக்கிற பெண்ணுக்கு அந்த 500 மி.லி. வரையறை எந்த மூலைக்கு?

இதைச் செய்முறைத் தேர்வில் கேட்பது சுலபம். அரை லிட்டர் பால் பாக்கெட் தரையில் விழுந்து உடைந்தால் எவ்வளவு தூரம் பரவும் என்று வீட்டில் எல்லாரும் பார்த்திருப்போம். அந்தக் கண் பழக்கத்தைத்தான் லேபர் வார்டுக்குக் கொண்டுவர வேண்டும். சிவப்புச் சாயம் கரைத்த தண்ணீரை விரிப்பிலும் பேடிலும் கிட்னி ட்ரேயிலும் அளந்து ஊற்றி வையுங்கள். எவ்வளவு என்று கேளுங்கள். சொன்ன பிறகு, ஈரமான பேடை எடை போட்டு, காய்ந்த பேடின் எடையைக் கழித்து, ஒரு கிராமுக்கு ஒரு மி.லி. என்று அவளையே சரிபார்க்கச் சொல்லுங்கள். தன் கண் எவ்வளவு தப்பு என்று ஒரு தடவை பார்த்தவள் அதன் பிறகு பேடை எடை போடாமல் குப்பையில் போட மாட்டாள். மொத்தச் செலவு ஒரு பாக்கெட் பேடும் சமையலறைத் தராசும்.

அடுத்தது, கர்ப்பகால ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு. அதற்கான மருந்தான மெக்னீசியம் சல்ஃபேட் பற்றி எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். 2002-இல் வந்த 'மேக்பை' ஆய்வு, கர்ப்பகால ரத்த அழுத்தத்தில் வலிப்பு வரும் வாய்ப்பை அந்த மருந்து பாதியாகக் குறைக்கிறது என்று காட்டியதைச் சிலர் எழுதி ஆச்சரியப்படுத்துவதும் உண்டு. ஆனால் நம் வார்டில் கிடைக்கும் ஆம்பியூல் 2 மி.லி., 50 சதவீதம், அதாவது 1 கிராம். நரம்பில் 4 கிராம் போட நாலு ஆம்பியூலை உடைத்து, 8 மி.லி. எடுத்து, அதோடு 12 மி.லி. சலைன் சேர்த்து 20 மி.லி. ஆக்கி, மெதுவாகச் செலுத்த வேண்டும். பிறகு ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம், அதாவது ஐந்தைந்து ஆம்பியூல். ஆக மொத்தம் 14 ஆம்பியூல். இந்தக் கணக்கைத் தாளில் போடுவது வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டி இழுக்கும் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் மாமியார் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, கை நடுங்காமல் ஆம்பியூலை ஒவ்வொன்றாக உடைப்பது வேறு. காலி ஆம்பியூலில் தண்ணீர் வைத்துக்கூட இதைத் தேர்வில் செய்யச் சொல்லலாம். அடுத்த டோஸுக்கு முன்னால் முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது வந்ததா என்று பார்க்காமல் ஊசியைக் கையில் எடுப்பவளுக்குச் சுழியம் போடுங்கள். மெக்னீசியம் அதிகமானால் கொடுக்கும் மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட்டை எடுத்துப் பக்கத்தில் வைக்காதவளுக்கும்.

வலிப்புக்கு முந்தின கட்டம் இதைவிட முக்கியம். அதை நாம் கேட்பதே இல்லை. புத்தகத்தில் 'மேல் வயிற்று வலி, பார்வைக் கோளாறு, கடும் தலைவலி' என்று இருக்கும். வார்டுக்கு வரும் பெண் "நெஞ்சு கரிக்குது சிஸ்டர்" என்பாள், "கண்ணு முன்னால பூச்சி பறக்குது" என்பாள். முப்பத்தாறு வாரத்தில் நெஞ்சு கரிக்கிறது என்றவளுக்கு ஜெலுசில் கொடுத்துவிட்டு பிபி பார்க்காமல் அனுப்புவது எங்கே வேண்டுமானாலும் நடக்கும். கேஸைத் தாளில் கொடுக்கும்போது அந்தப் பெண்ணின் வாய்மொழியிலேயே கொடுங்கள். சந்தேகம் வருகிறதா பார்ப்போம்.

பிபி என்றதும் இன்னொன்று. எந்த ஆன்டிநேட்டல் (கர்ப்பகாலப் பரிசோதனை) ரெக்கார்டையும் புரட்டிப் பாருங்கள். 110/70, 110/70, 120/80, 110/70. நாற்பது பெண்களுக்கும் ஒரே ரத்தமா ஓடுகிறது? கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஸ்டூலில் கால் ஆட, நடந்து வந்த மூச்சோடு உட்கார்ந்தவளுக்குச் சட்டைக் கை மேலேயே கஃப் கட்டினால் வருகிற எண்ணுக்கு மதிப்பில்லை. 140/90-க்கும் 130/80-க்கும் நடுவில்தான் ஒரு பெண்ணின் தலையெழுத்து நிற்கிறது. செய்முறைத் தேர்வில் பிபி பார்ப்பது முதல் வருடச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். என்னைக் கேட்டால் கடைசி வருடத்திலும், தேர்வாளர் தானும் ஒரு தடவை பார்த்து ஒப்பிட்ட பிறகே மதிப்பெண் போட வேண்டும்.

இப்போது கசப்பான விஷயத்துக்கு வருகிறேன்: ரெக்கார்டு நோட்டு. எங்கள் காலத்தில் இருபது பிரசவம் பார்த்ததாக எழுத வேண்டும். எண்ணிக்கை அவ்வப்போது மாறலாம், வழக்கம் மாறவில்லை. ஒரே ஆஸ்பத்திரிக்கு நாலைந்து கல்லூரிகள் போஸ்டிங் அனுப்புகின்றன. ஒரு தாய்க்கு வலி எடுத்தால் சுற்றி பத்துப் பிள்ளைகள் நிற்கிறார்கள். கையுறை போட்டுக்கொண்டவள் ஒருத்தி, எட்டிப் பார்த்தவள் மூன்று பேர், மீதிப் பேர் பார்த்ததெல்லாம் முன்னால் நிற்பவளின் தொப்பி. ராத்திரி ஹாஸ்டலில் பத்து நோட்டிலும் அதே ஐபி நம்பர் (உள்நோயாளி எண்) ஏறுகிறது. நமக்கும் தெரியும். தெரிந்தே கையெழுத்துப் போடுகிறோம். சொந்தமாக லேபர் வார்டு இல்லாத கல்லூரி இதைத் தவிர வேறு என்ன செய்யும் என்று கேட்பீர்கள். எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஐந்து பிரசவம் போதும். ஆனால் வலி எடுத்ததிலிருந்து குழந்தை பால் குடிக்கும் வரை அவள் கூடவே இருந்திருக்க வேண்டும். அந்த ஐந்தையும் மணி வாரியாக எழுதட்டும்: எப்போது பனிக்குடம் உடைந்தது, தண்ணீர் என்ன நிறம், குழந்தையின் இதயத் துடிப்பு எப்போது எவ்வளவு, என்னென்ன சந்தேகம் வந்தது, யாரிடம் சொன்னாள். வைவாவில் அந்த ஐந்திலிருந்து ஒன்றை எடுத்துத் துருவுங்கள். பொய் இரண்டாவது கேள்வியில் உடைந்துவிடும்.

ஆண் மாணவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பல இடங்களில் லேபர் வார்டு வாசலோடு அவர்கள் போஸ்டிங் முடிந்துவிடுகிறது. தாய்மார்களின் கூச்சம் நியாயம்தான்; அவர்கள் சம்மதம் இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது, அது பெண் மாணவிக்கும் பொருந்தும். ஆனால் இந்தப் பையன்களில் பலர் படிப்பை முடித்து 108 ஆம்புலன்ஸில் வேலைக்குப் போகிறார்கள். மலைப் பாதையில், ஓடும் வண்டியில், தன்னந்தனியாகப் பிரசவம் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். பொம்மையிலாவது அவர்களை முழுசாகத் தேர்வு செய்யுங்கள்.

பச்சிளங்குழந்தை விஷயத்தில், பிறந்த குழந்தையின் நிலையை எண்ணால் மதிப்பிடும் அப்கார் ஸ்கோர் பட்டியலைக் கேட்பதை நாம் நிறுத்தவே மாட்டோம் போலிருக்கிறது. வர்ஜீனியா அப்கார் 1952-இல் உருவாக்கிய நல்ல அளவுகோல் அது; மறுப்பில்லை. ஆனால் அதன் முதல் எண் ஒரு நிமிடத்தில் எழுதப்படுவது. மூச்சு விடாத குழந்தைக்கு அந்த ஒரு நிமிடம் முடிவதற்குள் முகமூடியும் காற்றுப் பையும் வைத்து மூச்சு கொடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும். 'பொன்னான நிமிடம்' என்று 2010-லிருந்து உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் நாட்டிலேயே நவஜாத் சிசு சுரக்ஷா காரியக்கிரம் என்ற பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பயிற்சித் திட்டம் 2009-இல் வந்துவிட்டது. அப்புறமும் நம் பிள்ளைகள் ஸ்கோரைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பொம்மையை மேஜையில் வையுங்கள். ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். துடைத்து, ஈரத் துணியை மாற்றி, முதுகைத் தேய்த்தும் அழவில்லை என்று சொல்லுங்கள். என்ன செய்கிறாள் என்று பேசாமல் பாருங்கள். தலையைச் சரியாக வைக்கிறாளா, முகமூடி மூக்கையும் வாயையும் மூடிக் கண்ணை அழுத்தாமல் உட்கார்ந்திருக்கிறதா, பையை அழுத்தும்போது நெஞ்சு எழும்புகிறதா, நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவைக்குள் நிற்கிறதா. நெஞ்சு எழும்பாவிட்டால் முகத்தைப் பார்த்து உங்களிடம் உதவி கேட்கிறாளா, தானே முகமூடியைத் திருப்பி வைக்கிறாளா. நான் பார்த்தவரை முதல் முயற்சியில் பெரும்பாலோருக்குக் காற்று கன்னத்தோரம் கசிந்து போகிறது. எழுத்துத் தேர்வில் அதே பிள்ளைகள் முதல் வகுப்பு.

பிரசவத்துக்கு முன்னாலேயே குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மரைப் போட்டாளா, பையைக் கையில் அழுத்திப் பார்த்தாளா, பொருத்தமான முகமூடி இருக்கிறதா என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். குழந்தையின் சூடு 36.5-க்கும் 37.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று எழுதிய அதே கை, ஃபேனுக்குக் கீழே ஈரத்தோடு குழந்தையை எடை போடுவதைக் கவனித்திருப்பீர்கள்.

குழந்தை வார்டில் இன்னொரு பொறி இருக்கிறது. அழுகிற குழந்தையிடம் எல்லாரும் ஓடுவார்கள். "சமத்தா தூங்குது சிஸ்டர், பால் கூடக் கேக்கல" என்று பாட்டி பெருமையாகச் சொல்கிற குழந்தைதான் எனக்குப் பயம். பால் குடிக்காதது, தொட்டால் மட்டும் அசைவது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குவது, உடம்பு சில்லிடுவது, முதல் நாளிலேயே மஞ்சள். இதில் எதுவும் சத்தம் போடாது. போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

மஞ்சள் என்றதும், நம் பாடப்புத்தகங்கள் விரிவாகச் சொல்லாத ஒரு நர்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பகுதியின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகள் வார்டின் பொறுப்பில் இருந்தவர் சிஸ்டர் ஜீன் வார்டு. வெயில் நாட்களில் குழந்தைகளை வெளியே முற்றத்தில் கொண்டுபோய் வைப்பார். 1956-இல் ஒரு நாள், ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்களிடம் ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பில் வெயில் பட்ட இடமெல்லாம் மஞ்சள் வெளுத்திருந்தது. துணி மூடியிருந்த இடம் மட்டும் அழுத்தமான மஞ்சள். டாக்டர் கிரீமரும் சகாக்களும் அதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1958-இல் கட்டுரை எழுதினார்கள். இன்றைக்கு எல்லா ஊரிலும் எரிகிற ஃபோட்டோதெரபி (ஒளி சிகிச்சை) விளக்கின் தொடக்கம் அங்கேதான். ஃபோட்டோதெரபியின் பக்க விளைவுகளை எழுதச் சொல்லி நாம் கேட்கிறோம். பகல் வெளிச்சத்தில், தோலை விரலால் அழுத்தி, மஞ்சள் எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்வதில்லை. (வெயிலில் வைத்தே சரியாக்கிவிடலாம் என்று நம் வீடுகளில் இருக்கும் நம்பிக்கைக்கு இது சான்றிதழ் இல்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.)

போனில் பேசுவதையும் தேர்வில் வையுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. "மேம், பேஷன்ட்டுக்குக் கொஞ்சம் ப்ளீடிங் இருக்கு, வந்து பாக்கறீங்களா?" என்று ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்டால், தூக்கக் கலக்கத்தில் இருக்கிற டாக்டர் "பேட் மாத்துங்க, பாக்கலாம்" என்றுதான் சொல்வார். "இரண்டாவது பிரசவம், டெலிவரி ஆகி இருபது நிமிஷம். அளந்ததில் 700 மி.லி. நாடி 124, பிபி 96/60. கர்ப்பப்பை தொளதொளன்னு இருக்கு. ஆக்சிடோசின் போட்டாச்சு, டிரானெக்சாமிக் ஓடுது, இரண்டு லைன் போட்டிருக்கேன். உடனே வாங்க மேம், ரத்தத்துக்கும் சொல்லிட்டேன்." இதற்கு ஆகும் நேரம் கால் நிமிடம். இப்படிப் பேசப் பழக்கப்படாத பிள்ளை பயத்தில் 'கொஞ்சம்' என்ற சொல்லைச் சேர்த்துவிடுவாள். திட்டு வாங்காமல் இருப்பதற்காக. சீமாங் (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை) மையத்துக்கு ரெஃபர் செய்யும்போது எழுதும் சீட்டும் இதே தரத்தில் இருக்க வேண்டும். என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று இல்லாத ரெஃபரல் சீட்டால் அங்கே மெக்னீசியம் இரண்டாவது தடவை ஏறும், இல்லை ஏறாமலே போகும்.

கேஸ்களுக்கு எங்கே போவது என்ற கவலையும் வேண்டாம். தமிழ்நாட்டில் பிரசவ மரணங்களை ஒவ்வொன்றாக ஆராயும் முறை 1994-லிருந்து இருக்கிறது. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 54 தாய் மரணம் என்று நாம் இறங்கி வந்ததற்கு (அப்போது இந்திய அளவு 97) அந்தத் தொடர் விசாரணைகளுக்கும் பங்குண்டு. எத்தனை மணிக்கு முதல் அறிகுறி வந்தது, யார் கவனித்தார்கள், வண்டி எப்போது கிளம்பியது, ரத்தம் எப்போது ஏறியது என்று நிமிடக் கணக்கில் துருவும் அந்த ஆவணங்களைவிடச் சிறந்த பாடநூல் எனக்குத் தெரியாது. சாகாமல் பிழைத்து வந்த தாய்மார்களின் கேஸ்களை ஆராயவும் மத்திய அரசு 2014-லேயே வழிமுறை தந்திருக்கிறது. பெயர், ஊர், ஆஸ்பத்திரி எல்லாம் நீக்கி, அதிலிருந்து வருடத்துக்குப் பத்து கேஸை வாங்கி வினாத்தாளில் வையுங்கள். 'இந்தச் சார்ட்டில் எந்த மணிக்கு நீ டாக்டரைக் கூப்பிட்டிருப்பாய், ஏன்?' என்று ஒரே கேள்வி. பதினைந்து மதிப்பெண்ணும் அதற்கே.

வாய்ப்பேச்சையும் மதிப்பிடுங்கள். லேபர் வார்டில் வசவு ஒரு பாடத்திட்டம் மாதிரி கைமாறி வருகிறது. சீனியர் கத்துவதைப் பார்த்து ஜூனியர் கற்கிறாள். அதே போலத்தான் முக்கும் நேரத்தில் வயிற்றின் மேல் ஏறி அழுத்துவதும். தோள் சிக்கிக்கொண்ட குழந்தைக்கு மேலிருந்து அழுத்தினால் தோள் இன்னும் இறுகும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், எழுதவும் செய்கிறார்கள். தேர்வு அறையில் ஒரு ஆள், சீனியர் போல நின்று, "வயித்தை அமுக்கு" என்று உத்தரவு போடட்டும். "வேண்டாம் சிஸ்டர், காலை மடக்கிப் பிடிக்கலாம்" என்று சொல்கிற பிள்ளைக்கு முழு மதிப்பெண்.

இத்தனைக்கும் நேரம் ஏது, ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு வைவா முடிக்க வேண்டுமே என்பீர்கள். நானும் முடித்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் கேஸ் பிரசன்டேஷன், கேர் பிளான் பைண்டிங் அழகாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம், சார்ட் கலருக்கு ஒரு நிமிடம், நடுவில் டீ. அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு மேஜை போடுங்கள்: ரத்தம் அளப்பது, மெக்னீசியம் கலப்பது, குழந்தைக்கு மூச்சுக் கொடுப்பது, போனில் சொல்வது. மேஜைக்கு ஐந்து நிமிடம், பிள்ளைகள் சுற்றி வரட்டும். மற்ற சிக்கல்களை, தொப்புள் கொடி முன்னால் வருவதை, நஞ்சுக்கொடி இறங்காததை, கிருமித் தொற்றை, வருடத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி நான்கில் ஒன்றின் இடத்தில் வைக்கலாம். எந்த மேஜை வரும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டாம்.

கடைசியாக ஒன்று. செய்முறைத் தேர்வுக்கு இருவர் வருகிறீர்கள். இருவருமே கல்லூரிக்காரர்கள், லேபர் வார்டை விட்டுச் சில வருடமோ பல வருடமோ ஆனவர்கள், என்னையும் சேர்த்து. அந்த இருவரில் ஒருவராக, அந்த மாதமும் லேபர் வார்டில் நைட் டியூட்டி பார்த்துக்கொண்டிருக்கும் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவரை உட்கார வையுங்கள். முதுகலைப் பட்டம் இல்லை என்று விதி தடுத்தால் விதியைத் திருத்தக் கேளுங்கள். அதுவரை மேஜைக்குப் பக்கத்தில் ஆலோசகராகவாவது ஒரு நாற்காலி போடுங்கள். அவருக்கு அன்றைக்கு டியூட்டி ஆஃபும் பயணப்படியும் கொடுக்க வேண்டும், இலவசமாகக் கூப்பிடாதீர்கள். அடுத்த செய்முறைத் தேர்வின் அட்டவணை வருவதற்குள் இதை முடிவு செய்தால், எங்கள் கல்லூரியில் நாலு மேஜையையும் போட்டுத் தர நான் தயார்.

இப்படிக்கு,
மகப்பேறு செவிலியம் கற்பிக்கும் ஒரு பழைய லேபர் வார்டு நர்ஸ்